கூப்பிடத் தெரியாதவன்

ஆகஸ்ட் 17, 1981

அன்பு மச்சான் சில்வெஸ்டருக்கு,

கிளமென்ட் எழுதுகிறேன். உன் வீட்டிலும் என் வீட்டிலும் எல்லோரும் சுகம். கால் வலி குறைந்ததா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா என்று உன் தங்கை யூடோரா கேட்கச் சொன்னாள். எனக்கும் அதே கவலைதான்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் ஊருக்கே ஒரு போன், அது கவுன்சில் ஆபீசில் இருக்கிறது. அந்த ஆபீசில் பெர்சி டீ குடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். நான் கேட்கப்போவது அவன் காதில் விழுந்தால் அடுத்த கோடை வரைக்கும் ஊர் சிரிக்கும்.

ஆற்றில் மிதந்து வந்த மரம் மீன் பிடிக்கிற சக்கரத்தில் மோதி உன் காலை நசுக்கிய அன்று, உன்னை ஆங்கரேஜ் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். வழியில் லுசில் என்னிடம், "அண்ணே, அவரு இல்லாம குளிர்காலத்துக்கு இறைச்சிக்கு எங்க போறது?" என்றாள். உன் பெண்டாட்டி அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு வீடு, ஒன்பது வாய். சால்மன் மீன் இந்த வருடம் பாதிதான். மூஸ் மான் ஒன்று கிடைக்காவிட்டால் சாப்பாடு தை மாதம் தாண்டாது. துப்பாக்கி பிடிக்கிற ஆம்பிளை என்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்.

நாற்பத்தொரு வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆறு வயதில் பாதிரிமார் பள்ளியில் விட்டார்கள். ஜெபம் செய்யவும் கொதிகலன் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். உன் தங்கையைக் கட்டிப் பதினேழு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் என் வாசலில் ஒரு பின்னங்கால் இறைச்சியை வைத்துவிட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் போய்விடுவாய். நீ ஏன் வேட்டைக்கு வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கு நன்றி சொல்லத் தெரியாமலே பதினேழு வருடம் போய்விட்டது. இப்போது சொல்கிறேன். கூடவே கேட்கிறேன்: எனக்குக் கற்றுக்கொடு.

உன் அன்பு மச்சான்,
கிளமென்ட்


ஆங்கரேஜ், ஆகஸ்ட் 24

என் மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். சாப்பாடு வெள்ளையாக இருக்கிறது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் நன்றாக இருப்பதே எனக்குப் போதும்.

நன்றியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வைத்துக்கொள். இப்போது வேலையைக் கேள்.

என் மீன் கொட்டகைக் கதவுக்கு மேலே ஒரு மூஸின் தோள்பட்டை எலும்பு செருகியிருக்கும். நன்றாகக் காய்ந்தது. அதை எடுத்துக் காய்ந்த வில்லோ புதரில் உரசு. கடா மூஸ் தன் கொம்பைப் புதரில் தேய்ப்பதுபோல் கேட்கும். அதைக் கேட்டால் இன்னொரு கடா, "எவன்டா அது என் இடத்துல?" என்று பார்க்க வரும். இரண்டு தடவை உரசு, நிறுத்து. பிறகு ஒரு மணி நேரம் அசையாதே. இருமாதே, புகைக்காதே, யூடோராவிடம் பேசாதே. கடைசியாகச் சொன்னதுதான் உனக்குக் கஷ்டம்.

பெண் மூஸ் மாதிரி கூப்பிடுவதும் உண்டு. பாதிரிமார் பண்ணையில் கன்றைத் தேடி ஒரு பசு கத்துமே, அதேபோல் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்து. நீளமாக இழுத்து, கடைசியில் கொஞ்சம் அழுகை வேண்டும். உனக்கு அது வரும் என்று நினைக்கிறேன்.

மற்றதை நான் வந்ததும் காட்டுகிறேன். மூன்று வாரம் என்கிறார்கள்.

சில்வெஸ்டர்


ஆகஸ்ட் 31

அன்பு மச்சானுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று வாரம் என்று படித்ததும் லுசில் உன் போர்வைகளை வெயிலில் போட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் என் வேலை முடிந்ததும் கொதிகலன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். நேற்று நீ சொன்ன அழுகையோடு கூப்பிட்டேன். டீச்சரம்மா ஓடி வந்து, "வயித்து வலியா, கிளமென்ட்? நர்ஸைக் கூப்பிடட்டுமா?" என்றார். கொதிகலனில் காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எலும்பு அருமையான எலும்பு. பிடிக்கிற இடம் உன் கை பட்டு வழுவழுவென்று இருக்கிறது. எனக்கு இப்போது நம்பிக்கை வந்துவிட்டது, மச்சான். வருகிற சனிக்கிழமை, பருவம் திறக்கிற முதல் நாளே, இந்த ஊரே பார்க்காத பெரிய கடா ஒன்றைச் சுட்டு, அதன் நாக்கை உனக்கு அனுப்புவேன். கொட்டகையைக் காலி பண்ணி வைக்கும்படி லுசிலிடம் சொல்லியாயிற்று. யூடோரா மட்டும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் மச்சான்,
கிளமென்ட்


ஆங்கரேஜ், செப்டம்பர் 7

மாப்பிள்ளை கிளமென்டுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. என் கை கொஞ்சம் நடுங்குகிறது. பக்கத்துக் கட்டில் வாசிலி எழுதுகிறார். நம் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனுஷர். நான் நலம்.

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. உனக்குப் புத்தி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். 'சுட்டு அனுப்புவேன்' என்று எழுதிவிட்டாயே! மூஸ் சுடப் போகிறேன் என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நானோ, பெர்சியோ, பெர்சியின் நாயோ? "சும்மா ஆத்துப் பக்கம் பாத்துட்டு வரேன்," அவ்வளவுதான் சொல்வோம். அதன் காது பெரியது. பெருமையடிப்பவன் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்காது. நீயாகப் போய் அதை எடுப்பதில்லை. அதற்கு மனசு வந்தால் உனக்குக் கிடைக்கும். இது தெரிந்துதான் யூடோரா முகத்தைத் திருப்பியிருக்கிறாள். பதினேழு வருடம் அவளோடு குடித்தனம் பண்ணி, அவள் முகத்தைப் படிக்கக்கூடத் தெரியவில்லையே உனக்கு.

அந்த ஒரு வரியைக் கத்தரியால் வெட்டி எடுத்துச் சாம்பல் தட்டில் போட்டுக் கொளுத்தினோம். நர்ஸ் ஓடி வந்து வாசிலியைத் திட்டினாள். இனிமேல் வாயை மூடிக்கொண்டு போ. காற்று உன் முகத்தில் படும்படி உட்கார்.

(வாசிலி எழுதுவது: உங்கள் மச்சான் கத்துகிற கத்தில் வார்டே விழித்துவிட்டது. அவர் இப்போது தூங்க வேண்டும். வேறு எதுவும் எழுதக் கூடாது என்கிறார், அதனால் நான் எழுதவில்லை.)


செப்டம்பர் 14

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் கை நடுக்கம் நின்றதா? வாசிலி அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

நீ திட்டியதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். இது எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத பாடம். யூடோராவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கண்ணன் எழுதினாத்தான் ஒனக்கு ஏறும்," என்றாள்.

ஒரு வாரமாக ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வியாழக்கிழமை விடியற்காலை மேல் கிளையாற்றில் உட்கார்ந்து இரண்டு தடவை உரசினேன். நிறுத்தினேன். அரை மணி கழித்து அக்கரைப் புதரில் உரசுகிற சத்தம் கேட்டது! மறுபடியும் உரசினேன், மறுபடியும் பதில் வந்தது. அப்போது பெண் குரலில் கூப்பிட்டேன், நீ சொன்ன அழுகையோடு. அந்தப் பக்கம் ஒரு உறுமல். நெருங்கி நெருங்கி வந்தது. துப்பாக்கியின் பூட்டை இன்னும் திறக்கவில்லை, கடவுளுக்கு நன்றி. புதர் விலகியது. பெர்சி!

கையில் எலும்போடு என்னைப் பார்த்தபடி நின்றான். "அடப்பாவி கிளமென்ட்டு! நீயா அது? முக்கால் மணி நேரமா ஒன் பின்னாடி சுத்துறேன்டா!"

"நீ ஏன்டா பதில் குடுத்த?"

"இவ்வளவு ஆசையா கூப்பிட்டா எவன்டா சும்மா இருப்பான்?"

இப்போது ஊரில் என் பெயர் 'பெர்சியின் காதலி'. கடையில் ரொட்டி வாங்கப் போனால் வழி விடுகிறார்கள்.

ஆனால் இறைச்சி வரவில்லை, மச்சான். கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது.

கிளமென்ட்


ஆங்கரேஜ், செப்டம்பர் 18

பெர்சியின் காதலிக்கு,

சுகம். சுகமா?

உன் கடிதத்தை வாசிலி வார்டு முழுக்கப் படித்துக் காட்டினார். தையல் போட்டவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினார்கள். நான் பல நாள் கழித்துச் சிரித்தேன்.

பெர்சியையே ஏமாற்றியிருக்கிறாய் என்றால் குரல் சரி. பொறுமைதான் இல்லை. குறைவாகக் கூப்பிடு. நிறைய உட்கார். யூடோராவைக் கூட அழைத்துப் போ, இறைச்சி அறுக்க அவளைவிட நல்ல கை ஊரில் கிடையாது.

சில்வெஸ்டர்


செப்டம்பர் 22

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வரவில்லை.

பருவம் முடிய மூன்று நாள் இருக்கிறது. ஆறு வற்றிக் கிளையாறுகளில் படகு தட்டுகிறது. பதினோரு நாள் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. லுசில் உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். "மொதல்ல 'நான் வந்ததும்'னு எழுதினாரு. அப்புறம் அந்த வார்த்தையே இல்லையே, அண்ணே," என்றாள். காலைப் பற்றி ஒரு வரி எழுது, மச்சான். ஒரே ஒரு வரி.

கிளமென்ட்


செப்டம்பர் 28

அன்பு மச்சானுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்றே நம்பி எழுதுகிறேன். நாங்கள் நலம், இந்தத் தடவை உண்மையாகவே நலம்.

வியாழக்கிழமை காலை, கடைசி நாளுக்கு முந்தின நாள், நானும் யூடோராவும் மேல் கிளையாற்றுக்குப் போனோம். எலும்பை உரசினேன், காத்திருந்தேன், அது வந்தது. நல்ல கடா. இரண்டு தோட்டா. கரையிலேயே விழுந்தது. நான் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். பாதிரிமார் சொல்லித்தந்த ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. நம் பாஷையில் "பாஸி" என்றேன். எனக்குத் தெரிந்த நான்கைந்து சொற்களில் அது ஒன்று. நன்றி என்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

யூடோரா கத்தியைத் தீட்டியபடியே, "மொத மிருகம். ஒரு துண்டு நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது, ஞாபகம் வெச்சுக்கோ," என்றாள். லுசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, அது பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு வெச்ச வழக்கம். ஒங்க புள்ளைங்க என்ன தின்னும்?" நான் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பின்னங்காலும் முதுகுக் கறியும் உன் வீட்டுக்கு. மற்றதெல்லாம் ஊருக்கு. மூக்கும் தலையும் ஊரின் மூத்த கிழவிக்கு. அவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் வீட்டில் அன்று ராத்திரி காய்ந்த மீனும் உருளைக்கிழங்கும்தான். அப்படி நிம்மதியாக நான் தூங்கியது கிடையாது.

மறுநாள் பெர்சி ஒரு முழு முன்னங்காலைச் சுமந்து வந்து, "எங் காதலி பட்டினி கெடக்கக் கூடாது," என்று வாசலில் கத்தினான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் குளிர்காலம் தாண்டிவிடும்.

இத்தோடு ஒரு பெட்டி காய்ந்த இறைச்சி அனுப்புகிறேன். உன் வீட்டுப் பங்கிலிருந்து லுசில் எடுத்துக் கட்டியது. வாசிலி அண்ணனுக்கும் கொடு.

கிளமென்ட்


ஆங்கரேஜ், அக்டோபர் 9

அன்புள்ள கிளமென்டுக்கு,

பெட்டி வந்தது. வாசிலி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நானும் அப்படித்தான். பதினேழு வருடம் நான் கொடுத்ததை நீ எப்படி விழுங்கினாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வாங்கித் தின்பது லேசான வேலை இல்லை, மாப்பிள்ளை. முகம் கோணாமல் வாங்கியிருக்கிறாய். பெரிய மனசு உனக்கு.

இப்போது சொல்லலாம். கால் இல்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முன்பே சொல்லியிருந்தால் லுசில் முதல் விமானத்தில் வந்திருப்பாள், நீ துப்பாக்கியைக் கீழே போட்டிருப்பாய். பருவம் மொத்தமே மூன்று வாரம். காலுக்காக அழுவதை மூன்று வாரம் கழித்தும் அழலாம் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் முடிவு பண்ணிவிட்டேன். இங்கே உட்கார்ந்தபடி தபால் பை தைக்கிற வேலை தருகிறார்கள். புத்தாண்டுக்குப் பிறகு லுசிலையும் பிள்ளைகளையும் இங்கேயே கூட்டிக்கொள்வேன். ஒற்றைக் காலோடு வந்து ஊரில் நான் என்ன செய்ய? கொடுத்துப் பழகிய கை இது. உனக்குக் கூப்பிடத் தெரிந்துவிட்டது, ஊருக்கு நான் தேவையில்லை. அந்த ஆறுதலே எனக்குப் போதும். படகும் துப்பாக்கியும் இனி உன்னுடையவை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சில்வெஸ்டர்


அக்டோபர் 14

என் மச்சானுக்கு,

நலம் விசாரிக்க மாட்டேன். நீ ஒரு மாதமாக நலம் நலம் என்று எழுதியதை எல்லாம் படித்தாயிற்று.

உன் கடிதத்தை லுசிலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தாள். இருட்டும் வரை பிளந்தாள். உள்ளே வந்து, "கால் போனா போவட்டும். பொய் சொன்ன வாயைத்தான் மொதல்ல எடுத்திருக்கணும்," என்றாள். பிறகு உன் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பட்டணத்துக்கு வர மாட்டாளாம். இதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இனி என் பொய். எனக்குக் கூப்பிடத் தெரியாது, மச்சான்.

அன்றைக்கு நான் உரசி, கத்தி, காத்திருந்து எதுவும் வரவில்லை. மூன்று மணி நேரம். கால் மரத்துப்போய் எழுந்து நின்று அழுதுவிட்டேன். யூடோராதான், "போதும், வா. டீ ஆறிப்போச்சு, கொட்டிட்டுக் கெளம்பலாம்," என்றாள். நான் ஓரமாகத் தண்ணீரில் இறங்கி நின்று, கெட்டிலை உயரத் தூக்கிப் பிடித்து, மனசு எங்கேயோ இருக்க, மெதுவாக ஊற்றினேன். பாதி ஊற்றுவதற்குள் பின்னால் புதர் முறிந்தது. திரும்பினால் கடா! கெட்டிலைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்தேன். முதல் தோட்டா மரத்தில் பட்டது. இரண்டாவதுதான் அதன் மேல் பட்டது. யூடோரா படகில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ பெருமைப்பட வேண்டும் என்று உன்னிடம் மாற்றி எழுதினேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நீ அங்கேயே தங்கப் பார்க்கிறாய். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுட என்னால் முடியும், கொஞ்சம். சுமக்க முடியும். படகு ஓட்டுவேன். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரவும், எந்த நேரத்தில் எந்தக் குரல் என்று தெரிந்து கூப்பிடவும் எனக்கு வராது. நீ படகின் முன்பக்கம் உட்கார். கூப்பிடுவதற்குக் கால் வேண்டாம். இனிமேல் நாம் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு வேட்டைக்காரன்.

ஆறு வயதிலிருந்து எனக்கு வீடு என்று ஒன்று இருந்ததில்லை. நீதான் எனக்கு அதைக் கொடுத்தாய், கதவைத் தட்டாமலே. நீ இல்லாத ஊரில் எனக்கு இறைச்சி எதற்கு? வா, மச்சான். வந்துவிடு.

கிளமென்ட்


ஆங்கரேஜ், அக்டோபர் 20

மடையன் மாப்பிள்ளைக்கு,

நலம். இந்தத் தடவை நம்பலாம், வாசிலி சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்.

பெண் மூஸ் தண்ணீரில் நின்று மூத்திரம் பெய்கிற சத்தம் அது. கடாவுக்கு அதைவிட இனிமையான கூப்பாடு உலகத்திலேயே கிடையாது. எங்கள் அப்பா தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றித்தான் கூப்பிடுவார். உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொல்லியிருந்தால் செப்டம்பர் முழுக்க நீ கெட்டில் கெட்டிலாக ஊற்றி வற்றின ஆற்றை நிரப்பியிருப்பாய்.

தபால் பை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூக்கிக்கொண்டு போக ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், அதையும் வேண்டாம் என்றேன். விமானத்திலிருந்து இறங்கும்போது மட்டும் உன் தோள் வேண்டும். கேட்டு வாங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். லுசிலிடம் சொல், வாயை அவளிடமே ஒப்படைக்கிறேன்.

இனிமேல் கூப்பிடத் தெரியாது என்று யாரிடமும் சொல்லாதே. முந்நூறு மைலுக்கு இந்தப் பக்கம் ஒளிந்துகொண்டிருந்த ஒரு நொண்டிக் கடாவைக் கூப்பிட்டு வெளியே வரவழைத்திருக்கிறாய். வருகிற வாரம், வியாழக்கிழமை விமானத்தில் வந்து இறங்கும். துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

உன் சில்வெஸ்டர்